விடுமுறை முகாமும் தோட்டத்துப் பிள்ளைகளும்

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு நாள். பால் நிறுவை முடிந்து, கணக்கை எழுதி வைத்துவிட்டு, ஸ்டோரை விட்டு வெளியே வந்தோம். மணி பதினொன்று இருக்கும். லயத்துக் கடை முன்னால் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தனர். பதின்மூன்று வயதிலிருந்து பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகள். இரண்டு மோட்டார் சைக்கிள், ஆளுக்கொரு கைப்பேசி. "என்னப்பா செய்கிறீர்கள்?" என்று கேட்டோம். "சும்மாதான் இருக்கோம் கிராணி ஐயா" என்றான் ஒருவன்.

அவனுடைய தாயார் நம் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். பேச்சுக்குப் பேச்சாக, "உங்க அம்மா மரத்திலே கோடு போடுகிறாரே, இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறக்குகிறாரே, ஏன் அப்படி? மாற்றி வெட்டினால் என்ன?" என்று கேட்டு வைத்தோம். பையன் விழித்தான். மற்றவர்களும் விழித்தனர். நல்ல வேளையாகத் தாயாரே காண்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு அவ்வழியே வந்தார். "மாத்தி வெட்டுனா பால் கொறைஞ்சி போயிடும் ஐயா. எங்க மாமியா சொல்லிக் குடுத்தது" என்றார். "ஏன் குறையும்?" என்றோம். "அது யாருக்குத் தெரியும்!" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மாமியார் சொன்னது முற்றிலும் சரி. பட்டைக்குள்ளே பால் ஓடும் நுண்குழாய்கள் நேராக மேலே போவதில்லை. நாம் மரத்துக்கு எதிரே நின்று பார்த்தால், கீழே இடப்புறமிருந்து மேலே வலப்புறமாகச் சற்றே சாய்ந்து, மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. அந்தச் சாய்வுக்குக் குறுக்கே கத்தி போனால்தான் அதிகமான குழாய்கள் அறுபடும். பாலும் அதிகமாக இறங்கும். விடியுமுன் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. இரவெல்லாம் இலை நீரை ஆவியாக விடாததால் குழாய்களுக்குள் அழுத்தம் மிகுந்து நிற்கிறது. வெயில் ஏற ஏற அது தளர்ந்து விடுகிறது. பெரட்டுக்கு மூன்று தலைமுறையாக இருட்டில் எழுந்து ஓடிய குடும்பத்தில் ஒருவருக்கேனும் இந்தக் காரணத்தை எவரும் சொல்லவில்லை. துரை சொல்லவில்லை, பள்ளிக்கூடம் சொல்லவில்லை, உண்மையைச் சொன்னால் கிராணிமார்களாகிய நாமும் சொல்லவில்லை.

இது ஏதோ பொது அறிவுப் போட்டிக்கான செய்தி என்று எண்ண வேண்டாம். கூலியோடு சேர்ந்த செய்தி. ஸ்டோரில் பாலை நிறுத்த பின், மாதிரி எடுத்துப் பார்க்கிறோம். பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவே ரப்பர். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். அந்தப் பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டுத்தான் உலர்ந்த ரப்பரின் எடையை எழுதுகிறோம். மெட்ரோலேக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் விட்டுப் பார்ப்பது ஒரு வழி. சிறிதளவு பாலை அமிலம் விட்டு உறைய வைத்து, அழுத்தி, காய வைத்து நிறுத்துப் பார்ப்பது இன்னும் நம்பத்தக்க வழி. முதல்நாள் மழை பெய்து மங்கில் தண்ணீர் சேர்ந்திருந்தால் எண் இறங்கும். "நேத்து இத்தனை, இன்னைக்கு ஏன் இத்தனை?" என்று தொழிலாளி கேட்பார். "அப்படித்தான் காட்டுது" என்று கிராணி பதில் சொல்லுவார். எத்தனை சண்டைகள், எத்தனை மனக்கசப்புகள் இந்த ஒரு எண்ணால்! தகப்பனுடைய சீட்டைப் பிள்ளை வாங்கிப் பார்த்து, கணக்கைப் போட்டு, "சரிதான் அப்பா" என்றோ, "இது சரியில்லை, மறுபடி மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்" என்றோ சொல்லும் நாள் வந்தால் சங்கத்துக்கு அதைவிட வேறு பலம் வேண்டுமா? நேர்மையான கிராணிக்கும் அது பாதுகாப்பு.

ஆகவேதான் விடுமுறை முகாம் என்னும் பேச்சை இங்கே எடுக்கிறோம்.

மேல்நாடுகளில் கோடை முகாம் என்று ஒன்று நெடுங்காலமாக இருந்து வருகிறது. அமெரிக்காவில் 1861-ஆம் ஆண்டு பிரெட்ரிக் கன் என்னும் பள்ளித் தலைவர் தம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்க் கூடாரம் அடித்ததை முதலாவதாகச் சொல்வார்கள். நமக்குக் கோடை என்று தனியே இல்லை. ரப்பர் இலை உதிர்ந்து பால் குறையும் வறண்ட மாதங்கள்தாம் நம் கோடை. அது கிடக்கட்டும். விடுமுறை நமக்கும் உண்டு. அந்த வாரங்களில் பட்டணத்துப் பிள்ளைகள் இயந்திர மனிதன் செய்யக் கற்கிறார்கள், சித்திரம் பழகுகிறார்கள், அருங்காட்சியகம் பார்க்கிறார்கள். நம் பிள்ளைகள் கடை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"நம் வட்டாரத்திலும் முகாம்கள் நடக்கின்றனவே!" என்று சிலர் சொல்லக்கூடும். நடக்கின்றன. தன்முனைப்பு முகாம் என்று பெயர். வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளர் வருகிறார். விளக்கை அணைக்கிறார். சோகமான இசையைப் போடுகிறார். "உன் தாய் உனக்காக எவ்வளவு கஷ்டப்படுகிறாள் தெரியுமா?" என்கிறார். பிள்ளைகள் விம்முகிறார்கள். பெற்றோரின் காலைக் கழுவச் சொல்கிறார். எல்லோரும் அழுகிறார்கள். படம் எடுத்துக்கொண்டு பேச்சாளர் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். தாய் படும் பாட்டைத் தோட்டத்துப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; விடிகாலையில் கதவு திறக்கும் சத்தத்திலேயே அது தெரியும். அழுதுவிட்டு வீட்டுக்குப் போன பிள்ளைக்குக் கணிதத்தில் ஒரு கணக்குக் கூடுதலாகத் தெரிந்ததா என்று நாம் கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள்.

வேறு வகையாகச் செய்து காட்டியவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார், அறிவியலைக் கரும்பலகையிலிருந்து இறக்கித் தெருவுக்குக் கொண்டு வந்தனர். கலைப்பயணம் என்று பெயரிட்டு, பாட்டும் வீதி நாடகமுமாக ஊர் ஊராகப் போயினர். பிள்ளைகளுக்கென்று துளிர் என்னும் அறிவியல் மாத இதழையும் நடத்தி வருகின்றனர். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, கல்லுடைக்கும் பெண்களும் வயலில் வேலை செய்யும் பெண்களும் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டு சாலையில் இறங்கிய கதை உலகமெங்கும் பேசப்பட்டது. இந்தியா முழுவதும் 1993 முதல் நடந்து வரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், பத்து வயது முதல் பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தம் ஊரிலேயே உள்ள ஒரு பிரச்சினையை ஆராய்ந்து, தம் தாய்மொழியிலேயே எடுத்துச் சொல்கிறார்கள். ஊர்க் குளம், கிணற்று நீர், வயல் பூச்சி, எதுவானாலும் சரி. ஆய்வுக்கூடம் இல்லையே என்று அங்கே யாரும் உட்கார்ந்து விடுவதில்லை.

தாய்மொழியில் என்பதை நாம் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் பிள்ளை ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப் பள்ளியில் படிக்கிறது. பிறகு இடைநிலைப் பள்ளி; பாடமெல்லாம் மலாயில். மலாயில் தேர்ச்சி போதாதவர்களுக்கு இடையே ஓராண்டு புகுமுக வகுப்பு. அறிவியலும் கணிதமும் 2003-க்குப் பின் சில ஆண்டுகள் ஆங்கிலத்துக்குப் போயின, பிறகு திரும்பின, இன்று சில பள்ளிகளில் மறுபடியும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. பதின்மூன்று வயதுப் பிள்ளை பொருளைப் பிடிப்பதா, மொழியைப் பிடிப்பதா என்று திண்டாடுகிறது. வகுப்பில் வாயைத் திறக்காமல் கடைசி வரிசையில் உட்காரப் பழகிக்கொள்கிறது. படிப்பு கைவிட்டுப் போவது அந்தக் கடைசி வரிசையிலிருந்துதான். மலாயும் ஆங்கிலமும் நன்றாக வரவேண்டும். அதில் நமக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் ஒரு பொருளைத் தமிழில் ஒருமுறை சரியாகப் புரிந்துகொண்ட பிள்ளை, வேறு மொழியில் அதைச் சந்திக்கும்போது பயப்படுவதில்லை. இதை நாம் நம் படிப்பிலேயே கண்டிருக்கிறோம்.

பயப்படாத பிள்ளைகளுக்கு வேலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பண்டார் பாருவுக்கு அடுத்த மாவட்டம் கூலிம். அங்கே உயர் தொழில்நுட்பப் பூங்கா திறந்து 1996-லிருந்து கணக்கிட்டால் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. 2024-இல் ஜெர்மன் நாட்டு இன்ஃபினியான் நிறுவனம் அங்கே புதிய சில்லுத் தொழிற்சாலை ஒன்றைத் திறந்தது. அந்த வாசல்களில் காவலராகவும், பேருந்து ஓட்டியாகவும், இரவு வேலை ஆப்பரேட்டராகவும் நம் பிள்ளைகள் நிற்பதைக் காண்கிறோம். அவை கேவலமான வேலைகள் என்று நாம் சொல்லவில்லை. உள்ளே வெள்ளை அங்கி அணிந்து நிற்பவர்களில் நம் லயத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்றுதான் கேட்கிறோம்.

சரி, முகாம் வைத்தால் எங்கே போவது, என்ன காட்டுவது? இதற்காகக் கோலாலம்பூருக்கு ஓட வேண்டியதில்லை. நம் கெடாவைவிட நல்ல பள்ளிக்கூடம் நமக்குக் கிடையாது.

பண்டார் பாருவிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் மெர்போக் போய்விடலாம். ஜெராய் மலையின் அடிவாரம், பூஜாங் பள்ளத்தாக்கு. 1936, 37-இல் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேயர் அங்கே தோண்டிப் பல சண்டிகளின் அடித்தளங்களைக் கண்டு எண்ணிட்டுப் பதிவு செய்தார். அவற்றுள் புக்கிட் பத்து பஹாட் சண்டியை 1959, 60-இல் அலஸ்டர் லேம்ப் என்பவர் கல் கல்லாக எடுத்து நிறுத்தினார். அதன் அடித்தளத்தில் ஒன்பது குழி கொண்ட கற்பேழைகள் கிடைத்தன. 1980 முதல் அங்கே அருங்காட்சியகமும் இருக்கிறது.

நாம் பிள்ளைகளை முதலில் அழைத்துப் போக விரும்பும் இடம் அதுவன்று. அதற்குச் சற்றுத் தள்ளி, பீடோங் போகும் வழியில் சுங்கை பத்து. செம்பனைக் காட்டுக்கு நடுவே மேடு மேடாகக் கிடந்த நிலத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் அகழ்ந்தார்கள். இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. உலைக்குள் காற்று ஊதும் சுடுமண் குழாய்கள் குவியல் குவியலாக வந்தன. படகுகள் வந்து நின்ற துறைகளும் வந்தன. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தொழிற்சாலை அது! தாதுமண்ணைக் கரியோடு சேர்த்து எரித்து, துருத்தியால் காற்றை ஊதினால் கரி, தாதுவிலுள்ள உயிர்வாயுவைப் பிடித்துக்கொண்டு இரும்பை விட்டுவிடுகிறது. இடைநிலைப் பள்ளி வேதியியல் புத்தகத்தில் உள்ள பாடம்தான். உடைந்த குழாயின் உட்புறத்தில் உருகி ஒட்டிய கசடைப் பார்த்த பிள்ளைக்கு அந்தப் பாடம் மறக்குமா?

கடாரம் என்றால் நம் மேடைப் பேச்சாளர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். 1025-இல் இராஜேந்திர சோழன் கப்பற்படையோடு வந்து வென்றான் என்று மார்தட்டுவார்கள். நடந்ததுதான், கல்வெட்டே இருக்கிறது. அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், இதே கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய புத்த விகாரைக்கு, இராஜேந்திரனின் தகப்பன் இராஜராஜன் ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் அதைச் சொல்கின்றன. தகப்பன் நட்பு, மகன் படையெடுப்பு. இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால்தான் அது சரித்திரம். ஒன்றை மட்டும் சொன்னால் அது தேர்தல் மேடை. இன்னொன்றும் கேட்க வேண்டும். உலைக்கு முன்னால் நின்று துருத்தி மிதித்தவன் யார்? மரம் வெட்டிக் கரி சுட்டவன் யார்? அவன் எந்த மொழி பேசினான், எந்தச் சாமியைக் கும்பிட்டான் என்று எந்தக் கல்லிலும் எழுதவில்லை. அரசன் பெயர் மட்டுமே கல்லில் இருக்கும். தொழிலாளி விட்டுப் போனது கசடும் உடைந்த குழாயும். தொழிற்சங்கத்துப் பிள்ளைகள் இந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

அதே பீடோங் வட்டாரத்தில் நம் தாத்தாக்களின் சரித்திரமும் கிடக்கிறது. 1946, 47-ஆம் ஆண்டுகளில் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளை மறித்தது; கூலிக்காக வேலைநிறுத்தம் செய்தது; போலீசாரின் கைது நடவடிக்கைகளால் ஒடுக்கப்பட்டது. சுங்கை பத்துவுக்குப் போகும் பேருந்தை இருபது நிமிடம் நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லாமல் போவது பாவம். பக்கத்தில் வேண்டுமானால் இன்னொரு இடம் சொல்கிறோம். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் தேவாலயத் திருவிழாவுக்கு மதபேதமின்றி நம்மவர் ஆண்டுதோறும் போகிறோமே, அந்தப் பழைய கோயில் வளாகத்துப் பாறையிலேயே பழைய எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. செரோக் தோக்குன் கல்வெட்டு என்பார்கள். ஜேம்ஸ் லோ என்னும் அதிகாரி 1845-இல் அதைக் குறித்து வைத்தார். மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அந்தப் பாறையைத் தாண்டி எத்தனை முறை நடந்திருப்போம்!

தெரியாமல் இருப்பதற்கு விலை உண்டு. 2013-ஆம் ஆண்டு பூஜாங் பள்ளத்தாக்கின் பதினோராம் எண் சண்டி இயந்திரத்தால் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. வீடு கட்டுவதற்காகத் தனியார் நிலத்தில் நடந்த காரியம். பல நூற்றாண்டுகள் நின்ற கட்டடம். பதிவேட்டில் எண் பெற்றிருந்த கட்டடம். செய்தி பத்திரிகையில் வந்தபின் நாடெங்கும் கூக்குரல். கூக்குரல் கல்லைத் திரும்பக் கொண்டு வரவில்லை. பக்கத்துத் தோட்டங்களிலும் கம்பங்களிலும் உள்ள பிள்ளைகள், எந்த இனத்தவராயினும், "இது நம் ஊர்ச் சண்டி" என்று அடிக்கடி வந்து படம் வரைந்துகொண்டிருந்தால், இயந்திரம் வந்த அன்றே நாலு பேர் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பார்கள்.

படம் வரைவது என்றோம். கலை என்றால் மேடையில் சினிமாப் பாட்டுக்கு ஆடுவது என்று நாம் பொருள் கொள்ளவில்லை. சண்டியின் அடித்தளத்தைப் பார்த்து, மேலே மரத்தூணும் கூரையும் எப்படி இருந்திருக்கும் என்று வரையட்டும். ஆயாக்கொட்டகைப் பாட்டியிடம் போய் அவர் பாடும் தாலாட்டையும், பால்காட்டுப் பாட்டையும் கைப்பேசியில் பதியட்டும். அந்தக் கைப்பேசி அதற்காவது பயன்படட்டும். 1942, 43-இல் சயாம் மரண ரயிலுக்கு நம் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போகப்பட்ட பல்லாயிரம் பேரில் திரும்பி வராதவர்களின் குடும்பங்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. அவர்களிடம் கேட்டு, பிள்ளைகளே ஒரு நாடகம் எழுதி, கோயில் திடலில் போடட்டும். அழவைக்கும் பேச்சாளர் எதற்கு? அந்த நாடகத்தைப் பார்க்கும் கிழவர்கள் அழுவார்கள். அதில் பொருள் இருக்கும்.

நான்கு நாள் போதும். முதல் இரண்டு நாள் நம் தோட்டத்திலேயே. விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பிள்ளைகள் தாய் தகப்பனோடு நிரைக்குப் போகட்டும். மரத்தடியில் பால்வெட்டும் அம்மாவே ஆசிரியர். பிறகு ஸ்டோரில் அமிலம் ஏன் பாலை உறைய வைக்கிறது, அம்மோனியா ஏன் உறையாமல் வைக்கிறது என்று செய்து பார்க்கட்டும். இந்தப் பாடத்தை நாமே நடத்தத் தயார். மூன்றாம் நாள் மெர்போக்கும் சுங்கை பத்துவும். நான்காம் நாள் நாடகமும் படங்களும், பெற்றோர் முன்னிலையில்.

இதற்கு எதிராக என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும். "விடுமுறையில் பையன் நாலு காசு சம்பாதிப்பான், அதைக் கெடுக்கிறீர்களே" என்று ஒரு தாயார் நம்மிடம் நேரிலேயே சொன்னார். அவரிடம் நாம் வாதாடவில்லை. நான்கு நாள் கூலி ஒரு வீட்டுக்கு என்ன என்பதைப் புள்ளி போடும் நமக்குத் தெரியாதா? ஆகையால் தேவைப்படும் வீடுகளுக்குக் கிளை நிதியிலிருந்து ஏதேனும் ஈடுசெய்ய முடியுமா என்று யோசிக்க வேண்டும். பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்குவார்கள். இரவு தங்கல் வேண்டாம். மாலையில் அவரவர் வீட்டுக்கு. மாதர் பகுதித் தோழியர் இருவர் உடன் வந்தால் அந்தத் தயக்கமும் தீரும். பெண்பிள்ளைகள் இல்லாமல் முகாம் நடத்துவதற்கு நாம் சம்மதிக்க மாட்டோம்.

பணம்? ஒரு பேருந்து வாடகை, நான்கு வேளைச் சாப்பாடு, கொஞ்சம் தாளும் வண்ணமும். 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் வீதிக்கு வந்துகொண்டிருந்தனர். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் எது? நம் கெடாவின் புக்கிட் சீடிம். பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கிய சமூகத்துக்கு ஒரு பேருந்து வாடகை பெரிதா?

துரைமாரும் ஸ்டோரைத் திறந்து காட்ட அனுமதி தரவேண்டும். கேட்டுப் பார்ப்போம். மறுத்தால், மறுத்தார்கள் என்று இதே பத்திரிகையில் எழுதுவோம்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு நம் கிளைக் கூட்டம். அதில் இந்த யோசனையைத் தீர்மானமாகக் கொண்டு வருகிறோம். செரோக் தோக்குன் வழியைக் காட்ட ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இசைந்திருக்கிறார். கூலிம் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக வேலை செய்யும் நம் லயத்துப் பிள்ளை ஒருவர் ஒரு நாள் விடுப்பு எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாமியாரிடம் வெட்டுக் கற்றுக்கொண்ட அந்த அம்மாளிடமும் கேட்டோம். "நான் என்னத்த ஐயா சொல்லிக் குடுக்கப் போறேன்" என்றார். போகிற போக்கில் திரும்பி, "எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.